ஒரே ஒரு பிள்ளை

ஆங்கில இலக்கணம் ஒரு நாள் நின்றாலும் தேசம் நூறாண்டு பின்னுக்குப் போய்விடும் என்று முழங்குபவர் ரிஷிவந்தியம் டியூஷன் ஆசிரியர் அன்புச்செல்வன். இட ஒதுக்கீட்டு மறியலில் ரோட்டின் குறுக்கே வெட்டிச் சாய்த்த புளியமரம் கிடந்தது. அவரிடம் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் மரத்துக்கு அந்தப் பக்கம்.

மறியலில் நின்ற கொளஞ்சியப்பனிடம் ஓடினார்.

"ஒரே ஒரு பிள்ளையையாவது அனுப்புப்பா. ரிப்போர்ட்டட் ஸ்பீச் பாதியில நிக்குது!"

"மூஞ்சே வாடிப்போச்சே சார். அது இன்னா அவ்ளோ பெரிய பாடமா?"

"ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட சொல்ற பாடம்யா. அது இல்லாம மனுஷன் வாழ முடியுமா?" ஆசிரியரின் குரல் உடைந்தது.

கொளஞ்சியப்பனுக்கே கண் கலங்கிவிட்டது. தன் மகள் கண்ணகியை மரத்தின் மேல் ஏற்றி இறக்கி அனுப்பிவைத்தார்.

கண்ணகி வந்து உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள்.

"அத மூடு. உள்ள போயி, சாருக்குப் பசிக்குதாம்னு அக்காகிட்ட சொல்லு."

போனவள் திரும்பி வந்தாள்.

"மறியல் ஆரம்பிச்சதிலேர்ந்து சோறு ஆறிக்கினுதான் கெடக்குதாம் சார். சாப்பிட வரச்சொல்லி அனுப்பத்தான் ஆளு இல்லியாம்."

பொங்கலன்று போட்ட சண்டையிலிருந்து ஆசிரியரும் அவர் மனைவியும் டியூஷன் பிள்ளைகள் மூலமாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்.