பருத்திக்கொட்டை வாணம்

வெள்ளைச்சாமிக்கு வாணம் கட்டுவது பிழைப்பல்ல, கிறுக்கு. மாட்டுக்கு வாங்கி வைத்த பருத்திக்கொட்டையில் தினமும் கொஞ்சம் அள்ளி, கருமருந்து பூசிக் காயவைத்து, வாணத்துக்குள் அடைக்க ஒளித்துக்கொள்வார். பால் குறைந்தது. அவர் மனைவி குருவம்மாள் நேரே தீவனக்கடைக்குப் போனாள். "எடையில கை வச்சா மாடு எப்படிய்யா கறக்கும்?" என்று தெருவே கேட்கும்படி சத்தம் போட்டாள். கடைக்காரர் சுடலைமுத்து, கூட நின்ற வெள்ளைச்சாமியின் முகத்தைப் பார்த்தார். வெள்ளைச்சாமி தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயில் கொடையன்று அவருடைய வாணம் உயரத்தில் வெடித்துப் பொன்னாக விரிந்தது. ஊரே அண்ணாந்து நின்றது. முழுதும் எரியாத கொட்டைகள் சில கூட்டத்தின் மேல் உதிர்ந்தன. பக்கத்தில் நின்ற சுடலைமுத்து, வெள்ளைச்சாமியின் தோளில் விழுந்த ஒன்றை எடுத்து விரலால் தேய்த்தார். கரி போய்ப் பருத்திக்கொட்டை தெரிந்தது.

"அவர் தோள்ல என்ன கெடந்துச்சு?" என்று குருவம்மாள் நெருங்கி வந்தாள்.

சுடலைமுத்து கையை மூடிக்கொண்டார். "ஒண்ணுமில்லக்கா, சாம்பல்."

அடுத்த வாணம் சீறிக்கொண்டு ஏறியது. அதுவும் வெள்ளைச்சாமி கட்டியதுதான். எல்லாரும் மறுபடி அண்ணாந்தார்கள். வெள்ளைச்சாமி மட்டும் அந்த மூடிய கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.