தொலைதூரப் பாடம்

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஒர்னெல்லா ரோமிலிருந்து கேக் பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வந்தாள். கையில் அந்த வீட்டை விற்பதற்கான பத்திரமும் இருந்தது. உள்ளே, பார்வை போன அப்பாவைக் கவனித்துக்கொள்ள வேலைக்கு வைத்திருந்த மால்டோவாக்காரி தோய்னா, மடிக்கணினியைப் பார்த்துச் சட்டப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"தொலைதூரக் கல்வியில வக்கீலாகப் போறியா? அதுக்கா உனக்குச் சம்பளம்?"

"சின்யோரா, அது வந்து..." தோய்னா கிழவரைப் பார்த்தாள்.

ஒர்னெல்லா வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினாள்.

"அதைத் திரும்பச் செருகு," என்றார் அப்பா. "அவ எனக்குத்தான் படிச்சுக் காட்டறா. யுனிவர்சிட்டில சேர்ந்திருக்கறது நான்."

"எண்பது வயசுல சட்டம் படிச்சு என்னப்பா பண்ணப் போறே?"

"நீ என் கையைப் பிடிச்சு வெக்கற இடத்துலயெல்லாம் கையெழுத்துப் போடாம இருக்கப் போறேன்."