பத்துக்குப் பன்னிரண்டு

2005 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, காலை ஏழரை மணி. அனுமந்தைக் கடலோரத்தில் கட்டும் ஓட்டலின் நீச்சல் குளத்துக்காக இன்ஜினியர் கலையரசன் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சுலோசனா ஜல்லிக் கூடையை இறக்கிவிட்டு வந்து நின்றாள். மழைக்கு உப்பளம் மூடியதிலிருந்து அவளுக்கு இங்கேதான் வேலை.

“குளத்துக்குப் பக்கத்துல இந்தச் சின்னக் கட்டம் என்னாங்க சார்?”

“பம்ப் ரூம். பத்துக்குப் பன்னெண்டு. மோட்டார், ஃபில்டர் எல்லாம் இதுலதான்.”

“இதையும் பள்ளமா தோண்டப்போறீங்களாமே?”

“குளத்துத் தண்ணி மட்டத்துக்குக் கீழ மோட்டார் இருந்தா, தண்ணி தானா இறங்கி வரும்.”

“ரொம்பக் கத்துமா?”

“நாள் முழுக்க ஓடும். கத்தாம என்ன செய்யும்?”

“கடக்காத்து உள்ள வருமா?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆபரேட்டர் வேலைக்கு அடிபோடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

“ஜன்னல் ஒண்ணு போட்டிருந்தேன். வீண் செலவுன்னு ஓனர் அடிச்சிட்டார். நானும் சரின்னுட்டேன். மோட்டாருக்கு மூச்சா முட்டப்போவுது?”

“அந்தக் கோட்டோரம் என்ன வரும்?”

“குளோரின் டிரம். தண்ணியச் சுத்தம் பண்ற மருந்து. நெடி கண்ணைக் கரிக்கும்.”

அவள் கோட்டைத் தாண்டி உள்ளே போய், மூலைக்கு மூலை நடந்து பார்த்தாள்.

“என்னம்மா, நீயே பிளான் போட்டுடுவ போல?”

“இல்லங்க சார். எங்க வீட்டுக்காரருக்கு இங்க வாட்ச்மேன் வேலை குடுத்திருக்காங்க. இந்த ரூம்லயே குடும்பத்தோட தங்கிக்கச் சொல்லிட்டாரு ஓனரு.”

கலையரசன் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார்.

“கைக்கொழந்த இருக்குது. எந்த மூலையில தூளி கட்டினா நெடி வராது, சார்?”