வீட்டுக்கொரு உருளை

யுரேனியம் செறிவூட்டியதுபோக மிஞ்சிய கழிவை வீட்டுக்கொரு இரும்பு உருளையாக அரசு பிரித்துக் கொடுத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. துரு ஏறாமல் பெயின்ட் அடித்தடித்தே செல்வமேரிக்குத் தோள்பட்டை போய்விட்டது. போன மாதம்தான் ஒருவழியாக அவள் முறை வந்து, கொல்லையில் கிடந்ததை, கழிவை வேறு பொருளாக மாற்றும் ஆலைக்கு ஏற்றிப் போனார்கள். அன்றைக்கே, கல்யாணத்துக்கு நிற்கும் மகனுக்கு அந்த இடத்தில் ஓர் அறை கட்ட ஆரம்பித்தாள்.

சுவர் இடுப்பளவு எழுந்தபோது லாரி அதே உருளையோடு வந்து நின்றது.

"இன்னும் மாத்தலையா தம்பி?"

"மாத்தியாச்சுக்கா. முன்னால கசிஞ்சா ஊரே காலி. இப்ப உள்ள வெறும் பொடிதான், கதிர்வீச்சு மட்டும் போகாது," என்றான் டிரைவர்.

"அப்ப இத எப்ப எடுப்பீங்க?"

"இனி எடுக்கிறதில்லக்கா. இங்கதான் இருக்கும்." படிவத்தை நீட்டினான். "உங்களுக்கப்புறம் யாரு பாத்துக்குவாங்கன்னு எழுதணும்."

பாதிச் சுவரைப் பார்த்தபடி செல்வமேரி மகன் பெயரைச் சொன்னாள்.