நிறுத்தச் சொன்னவன்

இரும்புக் கம்பி ஓங்கி இறங்கியது. பிரஸ் மெஷினின் கன்ட்ரோல் பெட்டி பொறி பறக்கப் பிளந்தது. இரண்டு கையாலும் தகடு வைத்துக்கொண்டிருந்த பால்ராஜ் துள்ளிப் பின்வாங்கினான்.

கம்பியோடு நின்றவனைப் பால்ராஜ் அதற்குமுன் பார்த்ததில்லை. வாட்ச்மேனைத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்திருந்தான்.

"எல்லா மெஷினையும் நிறுத்துங்க! இல்லேன்னா மத்ததையும் உடைப்பேன்!"

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தப் பட்டறைக்குப் போட்டிக்காரர்கள் உண்டு. பால்ராஜ் கம்பியைப் பிடுங்கி அவன் முழங்காலிலேயே அடித்தான். விழுந்தவனை விலாவில் உதைத்தான்.

"யார்ரா நீ? எவன்டா உன்ன அனுப்ச்சான்?"

"அண்ணே, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

முதலாளி குணசேகரன் தன் அறையிலிருந்து ஓடிவந்தார்.

"அவன்கிட்ட இன்னாடா பேச்சு? வாய்மேலயே போடு!"

பால்ராஜின் முஷ்டி இறங்கியது. பல் தெறித்தது, ரத்தம் சட்டையை நனைத்தது. மறுபடி குத்தினான். பக்கத்து பிரஸ்ஸில் வேலை செய்துகொண்டிருந்த அவன் மனைவி தெரசா, எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்து அவன் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"உட்ருய்யா, செத்துகித்துப் போயிடப் போறான்!"

அவள் முதுகுக்குப் பின்னால் தரை அதிர்ந்தது. யாரும் பெடலை மிதிக்கவில்லை. தெரசா விட்டுவந்த பிரஸ் தானாக இறங்கி, அவள் பாதி நுழைத்திருந்த தகட்டைச் சப்பையாக்கியிருந்தது.

தெரசா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கீழே கிடந்தவன் ரத்தத்தைத் துப்பினான்.

"என் பேரு விஷ்ணு. இந்தப் பெட்டிக்கு டைமர் டிரைவர்ங்கற சாஃப்ட்வேர் எழுதுற கம்பெனியில வேலை பாக்குறேன். நேரத்தை எண்ணுற நம்பருக்கு உள்ள இடம் பத்தலை, முப்பத்திரண்டு பிட்தான். நாள்கணக்கா நிறுத்தாம ஓட்டினா நிரம்பி மறுபடி பூஜ்யமாயிடும். மெஷின் குழம்பித் தானா இறங்கிடும்."

சட்டைப்பையைத் தடவி ஒரு பென்டிரைவை எடுத்தான்.

"அறுபத்துநாலு பிட்டா மாத்திக் கொண்டுவந்திருக்கேன். மெஷினை நிறுத்தினாத்தான் ஏத்த முடியும்."

பால்ராஜ் குனிந்து அவனைத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தான்.

"இத்த முன்னாடியே சொல்லக்கூடாதா நைனா?"

கிழிந்த உதடு மெல்ல அசைந்தது.

"காலையிலேயே போன்ல சொன்னேண்ணே... உங்க முதலாளிகிட்ட."