விரலின் எண்ணெய்

ஆய்வகத் திரையில், இருக்கக்கூடாத இடத்தில் கோடு எழும்பி நின்றது.

கடலடிச் சேற்றில் நுண்ணுயிர்கள் விட்டுப்போன கொழுப்பைத் தேடிக்கொண்டிருந்தாள் சிஸுரு. இது அதுவல்ல. மனிதத் தோலின் எண்ணெய்.

பின்னால் வந்து நின்ற பேராசிரியர் இவபுச்சி வெடித்தார்.

"எந்த மடப்பய வெறுங்கையால தொட்டான்? மீன் கழுவுற இடம்னு நெனச்சானா?"

பிறகு குப்பியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். அவர் காது மடல் சிவந்தது.

"மன்னிச்சிரும்மா. கெட்டுப்போச்சு, கழிவு டப்பால ஊத்திடு."

அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

சீட்டில் இருந்தது அவள் கணவன் கோஹெய்யின் கையெழுத்து. ஆய்வுக் கப்பலில் அந்தச் சேற்றை வெட்டி அடைத்தவன் அவன் ஒருவன்தான். மறுநாள் ஓர் அலை அவனைத் தளத்திலிருந்து வாரிக்கொண்டு போனது. ஏழு மாதமாகியும் உடல் கிடைக்கவில்லை.

கையுறை போட்ட விரலால் சீட்டைச் சரியாக ஒட்ட முடியாது. அந்தக் குளிரில் உறையைப் பல்லால் கடித்து இழுத்திருப்பான். மாணவர்கள் அப்படிச் செய்தால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டான்.

காரியத்தை முடித்துவிடலாம் என்று மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தாள். எரிக்க ஒன்றுமில்லாமல் என்ன காரியம் என்று இவள் தள்ளிக்கொண்டே வந்தாள்.

குப்பியின் அடியில், சேற்றிலிருந்து பிரித்தெடுத்த கரைசல் கொஞ்சம் மிச்சமிருந்தது.

மணிக்கட்டில் தடவிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தடவினால் அவனுடையது எது, தன்னுடையது எது என்று எந்த இயந்திரமும் பிரிக்க முடியாது. அதுதான் வேண்டும்போலவும் இருந்தது.

தடவவில்லை.

நைட்ரஜனை மெல்ல ஊதி, கரைசலை ஒரே துளியாக வற்றவைத்தாள். ஊசியில் உறிஞ்சி இயந்திரத்துக்குள் செலுத்தினாள். எழுந்து நின்றாள்.

முடியைப்போல மெல்லிய குழாய் வழியாக அந்தத் துளி ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. குழாயின் மறுமுனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு தீ. வந்து சேர்வதை எரித்துத்தான் அது கோடாகக் காட்டும்.

முப்பத்தோராவது நிமிடத்தில், அதே இடத்தில் கோடு எழுந்தது. அவள் கைகூப்பினாள்.

சில விநாடிகள்தான். பிறகு கோடு இறங்கித் தரையோடு படுத்துக்கொண்டது.

ஃபோனை எடுத்தாள்.

"அத்தை, காரியத்துக்கு நாள் பாருங்க."

மறுமுனையில் கிழவியின் குரல் உடைந்தது.

"கெடைச்சுட்டானாடி?"

"கெடைச்சார், அத்தை."