வட்டப் பாதை

புதர்மேடு முடிந்து காடு தொடங்கும் இடத்தில், மூன்றாவது கிலோமீட்டர் கல்லின்மேல் அருளப்பன் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் பிடித்துக்கொண்டது.

"நீ சுத்திட்டு வா. வட்டப் பாதைதானே, எப்படியும் இங்கதான் வந்து சேரணும். உன் ஆமை நடைக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்" என்று மனைவி பிலோமினாவிடம் சொல்லிவிட்டு பூட்ஸைக் கழற்றினார்.

பாதை அந்தக் கல்லுக்குத் திரும்புவதில்லை. அவர்கள் ஏறத் தொடங்கிய வாசலில்தான் போய் முடிகிறது. வரைபடம் பிலோமினாவின் பையில் இருந்தது. உனக்கு ஒன்றும் புரியாது, சும்மா வைத்துக்கொள் என்று காலையில் அவர்தான் கொடுத்திருந்தார்.

"சரிங்க" என்றாள்.

காட்டுக்குள் நடப்பது சுகமாக இருந்தது. வழியில் இரண்டு முறை உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றாள். வாசலுக்கு வந்தபோது மணி ஐந்து. காவலர் பூட்டோடு நின்றிருந்தார்.

"கையெழுத்துப் போடுங்கம்மா. இருட்டினா யானை இறங்கிடும்." பதிவேட்டில் விரல் வைத்துப் பார்த்தார். "அருளப்பன்னு ஒருத்தர் உள்ள போயிருக்காரே?"

"எங்க வீட்டுக்காரர். முன்னாடியே போயிட்டார். எப்பவும் அப்படித்தான்."

"அவருக்கும் நீங்களே போட்டுருங்க."

அவருடைய கையெழுத்தில் கடைசியில் ஒரு சுழி வரும். அதையும் விடாமல் போட்டாள்.

காவலர் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.